மூன்று பழைய லேப்டாப், ஒரு மாடி அறை: தெருவில் கணினி மையம் தொடங்க நினைப்பவர்களுக்கு

குடும்பத் தலைவிகளுக்குக் கர்நாடக அரசு மாதாமாதம் தரும் கிருகலட்சுமிப் பணம் இரண்டு மாதமாக வரவில்லை என்று எதிர்வீட்டு அக்கா போனை என்னிடம் நீட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உதவித்தொகை கணக்கில் ஏறியதா என்று காட்டும் அரசின் டிபிடி செயலியில் பார்த்துச் சொன்னேன். மறுநாள் அவரோடு இன்னும் நான்கு பேர். ஒருவருக்கு ரேஷன் கார்டு, ஒருவருக்கு மகனின் ஸ்காலர்ஷிப், இன்னொருவருக்கு ஊரில் இருக்கும் பட்டாவை ஆன்லைனில் பார்க்க வேண்டும். பெங்களூரில் அல்சூரை ஒட்டிய எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் கன்னடம் வெள்ளமாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. தமிழ் படிப்பார்கள், ஆனால் திரையில் தமிழ் இருக்காது. ஒரு மாதத்தில் என் வாசல், அரசு சேவைகளை ஒரே இடத்தில் தரும் பெங்களூர் ஒன் மையத்தின் கவுன்ட்டர் மாதிரி ஆகிவிட்டது. நான் செய்துகொடுத்துக்கொண்டே இருந்தால் அவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள் என்று புரிந்த பிறகுதான் ஓர் அறையும் சில பழைய கணினிகளும் தேடினேன்.

இந்த ஊரில் வசதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெங்களூர் ஒன் மையங்கள் 2005 முதல் இருக்கின்றன. கட்டணம் கட்டவும் விண்ணப்பம் போடவும் அங்கே போகலாம். கர்நாடகப் பொது நூலகத் துறையின் டிஜிட்டல் நூலகத்தில் இலவசமாகப் பதிவு செய்து படிக்கலாம். பன்னேர்கட்டா சாலை சுதர்சன் லேஅவுட்டில், கட்டற்ற மென்பொருள் இயக்கம் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் என்று ஒன்றை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் இல்லாதது ஒன்றுதான்: பக்கத்தில் உட்கார்ந்து, தப்பாக அமுக்கினால் திட்டாமல், "சரி, திரும்பச் செய்யுங்க" என்று சொல்ல ஓர் ஆள். அதைச் செய்ய நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடம்

வாடகை கொடுத்து ஆரம்பிக்காதீர்கள். ஆறு மாதத்தில் மூச்சு வாங்கும். எந்தத் தெருவிலும் நாளின் பாதி நேரம் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்று இருக்கும்: மன்ற அலுவலகம், கோயில் டிரஸ்ட்டின் ஸ்டோர் ரூம், சர்ச்சின் ஞாயிறு வகுப்பு அறை, மாலையில் காலியாகும் பால்வாடி. அவர்களிடம் அறையைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். "வாரத்தில் நான்கு நாள், சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை" என்றால் யாரும் பயப்படுவதில்லை.

கேட்டதை அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கரண்ட் பில் யார் கட்டுவது, சாவி யாரிடம், விழாக் காலத்தில் என்ன செய்வது. நான் வாய்ப்பேச்சாக விட்டுவிட்டேன். ஆடி மாதம் ஒரு நாள் போனால், மேசைகளை ஓரம் கட்டி, கூழ் ஊற்றும் அண்டாக்கள் அறை முழுக்க அடுக்கியிருந்தார்கள். ஒரு லேப்டாப் மேல் கரண்டிக் கட்டு. பத்து நாள் வகுப்பு இல்லை. யார் மேலும் தப்பில்லை, அறை அவர்களுடையது. எழுதி வைத்திருந்தால் அந்தப் பத்து நாளை முன்கூட்டியே விடுமுறையாக அறிவித்திருப்பேன்.

எனக்குக் கிடைத்தது மாடி அறை. செங்குத்தான படி. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வராததற்குக் காரணம் ஆர்வமில்லாமை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முழங்கால்தான் காரணம். இரண்டு இடம் கிடைத்து ஒன்று சின்னதாகவும் கீழ்த்தளத்திலும் இருந்தால் அதையே எடுங்கள்.

பிறகு கணினி

மூன்று போதும். ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்றால் ஆறு பேர். ஒருவரால் கவனிக்க முடிந்தது அவ்வளவுதான். இருபது கணினி கேட்டு அறிக்கை தயாரித்துக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னமும் காத்திருக்கிறார்கள்.

டெஸ்க்டாப்பைவிட லேப்டாப் நல்லது. கரண்ட் போனாலும் அதன் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும்; பாதி நிரப்பிய விண்ணப்பம் காற்றில் போகாது. வைஃபை ரவுட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினால் போதும். ஆனால் வெளி மவுசும் வெளிக் கீபோர்டும் கட்டாயம். லேப்டாப்பின் டச்பேடில் பழகுவது புதியவர்களுக்குப் பெரிய வதை. சாவி தேய்ந்தாலோ டீ கொட்டினாலோ மாற்ற வேண்டியதும் அந்தக் கீபோர்டு மட்டும்தான்.

பழைய லேப்டாப் கிடைக்க பெங்களூரைவிட நல்ல ஊர் எது? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போட, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகானதோ ஆன பிராசசர் வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப்புகள் ஓடும் நிலையிலேயே அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படுகின்றன. தெரிந்தவர் யாராவது ஐ.டி. கம்பெனியில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்; கொடுத்தால் கம்பெனிக் கடிதத்தோடு வாங்குங்கள். இல்லையென்றால் பழைய கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு.

எஸ்.பி. ரோட்டுக்குப் போகும்போது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையிலேயே அதைச் செருகி, பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கச் சொல்லுங்கள். எதையும் நிறுவாமலே வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு சாவியையும் தட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று செத்திருக்கும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். விண்டோஸ் வருவதற்கு முன்பே, தொடங்கும்போதே கணினி பாஸ்வேர்டு (பயாஸ் பாஸ்வேர்டு) கேட்டால் வாங்கவே வாங்காதீர்கள். டச்பேடு மேலே புடைத்துக்கொண்டிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம், அதையும் விட்டுவிடுங்கள். எட்டு ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி. இந்த இரண்டும் இருந்தால் பத்து வருடப் பழைய மெஷினும் ஓடும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். திருட்டு லேப்டாப் என்று நாளைக்கு யாராவது வந்து நின்றால் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

பிரின்டர் விஷயத்தில் ஒரே வார்த்தை: கறுப்பு வெள்ளை லேசர். இன்க் பிரின்டர் வாரத்துக்கு நாலு பக்கம் அடித்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். நாங்கள் வாங்கும் ஒரே கட்டணம் பிரின்ட்டுக்குத்தான்.

உள்ளே என்ன போடுவது

நான் லினக்ஸ் மின்ட்டில் பழைய மெஷினுக்கும் ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டிருக்கிறேன். "வேலைக்குப் போற இடத்துல விண்டோஸ்தானே இருக்கும்?" என்று பிள்ளைகளின் அப்பாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு லேப்டாப்பையாவது விண்டோஸோடு வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மவுஸ் பிடிக்கவும் ஃபைலைச் சேமிக்கவும் பிரவுசரில் விண்ணப்பம் நிரப்பவும் கற்றவர் எதிலும் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார்.

மின்ட்டில் லாகின் அமைப்புக்குள் போய் விருந்தினர் உள்நுழைவை இயக்கிவிடுங்கள். ஒருவர் வேலை முடித்து வெளியேறினால் அவர் இறக்கிய ஆதார், திறந்துவைத்த மெயில், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும். பொதுக் கணினிக்கு இதைவிட முக்கியமான அமைப்பு வேறில்லை. இது தெரியாத நாட்களில், டெஸ்க்டாப்பில் பதினேழு பேரின் ஆதார் அட்டை வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அழிந்துவிடும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சேமிக்க வேண்டியதைப் பென்டிரைவிலோ தன் மெயிலுக்கோ அனுப்பிக்கொள்ள வேண்டும். ஒரு பையன் மூன்று மணி நேரம் செய்த பிராஜெக்ட்டை இழந்து அழுத பிறகுதான் நான் அதைச் சுவரில் எழுதி ஒட்டினேன்.

ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை (தளத்தின் பெயரைக் கேட்டு இருப்பிடத்தைச் சொல்லும் சர்வரின் எண்) 1.1.1.3 என்று மாற்றினால் ஆபாசத் தளங்களும் தீம்பொருள் தளங்களும் பெரும்பாலும் தடைபடும். இலவசம். முழுப் பாதுகாப்பு கிடையாது. அதற்கு, திரைகள் எல்லாம் வாசலைப் பார்த்து இருக்கும்படி மேசையைப் போடுவதுதான் வழி.

சட்டம் என்ன சொல்கிறது

2011இல் வந்த சைபர் கஃபே விதிகள் சில விஷயங்களைக் கேட்கின்றன: வருபவரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும், வந்த நேரம் போன நேரத்தைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும், பதிவேட்டை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. வியாபாரமாக இன்டர்நெட் வசதி கொடுக்கும் இடத்தைத்தான் சட்டம் சைபர் கஃபே என்கிறது. நாம் வியாபாரம் செய்யவில்லை. இருந்தாலும் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிப் பெயர், கணினி எண், நேரம், கையெழுத்து என்று கோடு போட்டுவிடுங்கள். உங்கள் இணைப்பிலிருந்து யாரோ ஒருவர் விஷமம் செய்தால் பதில் சொல்ல வேண்டியது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். அடையாள அட்டையைப் பாருங்கள், நகல் வாங்கி அடுக்காதீர்கள். பாதுகாக்க வேண்டிய தலைவலி கூடும். பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு யாரும் வந்து கேட்டதில்லை.

சொல்லிக்கொடுப்பது

இங்கேதான் நான் நிறையத் தப்பு செய்தேன். முதல் நாள் போர்டில் சிபியு படம் வரைந்தேன். பத்துப் பேர் வந்தார்கள், அடுத்த வாரம் மூன்று பேர். சிபியு யாருக்கு வேண்டும்? கேஸ் புக் செய்ய வேண்டும், மகளின் மார்க்கைப் பார்க்க வேண்டும். இப்போது யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன வேலையா வந்தீங்க?" அந்த வேலையை அவர் கையாலேயே முடிக்க வைப்பதுதான் அன்றைய பாடம்.

விதி ஒன்று: மவுஸ் சொல்லிக்கொடுப்பவர் கைக்குப் போகக் கூடாது. சொல்வது சுலபம். எதிரில் இருப்பவர் ஒரு பட்டனை ஐந்து நிமிடம் தேடும்போது நம் கை தன்னால் நீளும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். பிள்ளைகள் "மிஸ் ஹெட்மாஸ்டர் மாதிரி நிக்கிறாங்க" என்பார்கள்.

முதல்முறை மவுஸ் பிடிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? எங்களிடம் வந்த ஒரு பாட்டி, நாற்பது வருடம் வீட்டு வேலை செய்த கை. மவுசை வலது பக்கம் தள்ளிக்கொண்டே போனார். மேசை முடிந்துவிட்டது, அம்பு இன்னும் திரையின் நடுவில். "ஏம்மா, இதுக்கு மேல எடமில்லையே?" என்றார். மவுசைத் தூக்கி நடுவில் வைத்து மறுபடி தள்ளலாம் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமாகவே தோன்றாது. அதைத்தான் சொல்லித்தர வேண்டும். அப்புறம், கிளிக் செய்யும்போது கை சேர்ந்து நகரும். மணிக்கட்டை மேசையில் ஊன்றச் சொல்லுங்கள். இரட்டைக் கிளிக்கின் வேகத்தை அமைப்பில் மெதுவாக்கி வையுங்கள். அதுவும் வரவில்லையென்றால் ஒரு கிளிக், பிறகு என்டர். பாட்டிக்கு அதுதான் வந்தது. மவுஸ் பழக ஜிகாம்ப்ரிஸ் என்ற இலவச மென்பொருளில் சின்னச் சின்ன விளையாட்டுகள் உண்டு. குழந்தைகளுக்கானவை, ஆனால் பெரியவர்கள்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள்.

பாஸ்வேர்டு அடிக்கும்போது புள்ளி புள்ளியாக வருவதைப் பார்த்து "எழுத்து விழலை" என்று திரும்பத் திரும்ப அடிப்பார்கள். ஒருமுறையாவது கண் படத்தை அமுக்கிக் காட்டிவிடுங்கள். ஆதார் பிடிஎஃப் திறக்க, ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பெரிய எழுத்தில், அடுத்து பிறந்த வருடம். இதை மட்டும் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேருக்குச் சொல்வேன்.

தமிழில் தட்டெழுத நான் தமிழ்99 சொல்லித்தருகிறேன். 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். இங்கிலீஷ் ஸ்பெல்லிங் தெரியாதவர்களுக்கு இதைவிட எளிது வேறில்லை. சாவிகளில் வெள்ளைக் காகிதம் வெட்டி எழுத்து ஒட்டி, மேலே செலோடேப். ஏற்கெனவே போனில் ஆங்கில எழுத்தால் தமிழ் அடித்துப் பழகிய இளசுகளை மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், அவர்கள் வழியிலேயே போகட்டும்.

கடிதமும் கணக்கும் அடிக்க உதவும் இலவச லிப்ரே ஆபீஸ் போன்ற முறையான பாடத்துக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ்க் குரலிலேயே இருக்கிறது. ஏறக்குறையப் பத்து நிமிட வீடியோ. பாதித் திரையில் பார்த்துக்கொண்டு மறு பாதியில் செய்து பார்க்க வேண்டும். ஹெட்போன் இரண்டு வாங்கிப் போட்டால், நீங்கள் ஒருவரோடு உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் தாமே ஓட்டிக்கொள்வார்கள்.

"சர்ட்டிபிகேட் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். "ஊர்ல என் தங்கச்சிக்கு இருபது மணி நேரம் சும்மாவே சொல்லிக்குடுத்தாங்களே" என்றும் கேட்பார்கள். அது கிராமப்புறங்களுக்கான மத்திய அரசின் பிஎம்ஜிதிஷா திட்டம். 2024 மார்ச்சோடு முடிந்தும்விட்டது. சான்றிதழ் வேண்டுபவர்களை மத்திய அரசின் நைலிட் நிறுவனம் நடத்தும் சிசிசி என்ற அடிப்படைக் கணினித் தேர்வுக்கு அனுப்புங்கள், 80 மணி நேரப் பாடத்திட்டம். நம் தெருமைய முத்திரை குத்திச் சான்றிதழ் அடித்துக் கொடுக்கும் ஆசை வரும். வேண்டாம், அதை நம்பி இன்டர்வியூவுக்குப் போய் அவமானப்பட்டு வருவார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர் வந்தால் அரைகுறையாக முயலாமல் எச்எஸ்ஆர் லேஅவுட் மித்ர ஜோதி, கோரமங்களா இனேபிள் இந்தியா போன்ற இடங்களைக் காட்டுங்கள். அவர்களுக்கு அதுவே தொழில்.

பணம், ஓடிபி, பயம்

யுபிஐயில் நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் ரகசிய எண்ணை (PIN) போட வேண்டியதே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் திருப்பிச் சொல்லும்வரை விடாதீர்கள். போலீஸ் யூனிபாரத்தில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால் கட் செய்யலாம், சட்டத்தில் அப்படி ஒன்றே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு போன். எத்தனை சீக்கிரமோ அத்தனை நல்லது, பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடியலாம்.

உங்களுக்கும் ஒரு விதி: யாருடைய ஓடிபியையும் நீங்கள் அடிக்காதீர்கள், யாருடைய பாஸ்வேர்டையும் நோட்டில் குறித்து வைக்காதீர்கள். நம்பிக்கையில்தான் கொடுப்பார்கள். நாளைக்கு அந்த வீட்டில் ஒரு பணத் தகராறு வந்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது உங்கள் பெயர்தான்.

நேரமும் ஆட்களும்

அறிவித்த நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். மழை, கிரிக்கெட், உங்கள் தலைவலி, எதுவானாலும். வீட்டு வேலை முடித்து, குழந்தையை யாரிடமோ விட்டு வந்த பெண் இரண்டு முறை பூட்டைப் பார்த்தால் மூன்றாம் முறை வர மாட்டாள். நான்கு நாள் முடியாவிட்டால் இரண்டே நாள் என்று அறிவியுங்கள்.

பொதுவாகத் திறந்து வைத்தால் ஒரு மாதத்தில் மூன்று கணினியும் பதினாலு வயதுப் பையன்கள் கையில் போயிருக்கும். கெட்ட பிள்ளைகள் இல்லை. வேகமாக ஓடி வருவார்கள், அவ்வளவுதான். பெண்களுக்கு என்று தனியாக இரண்டு நாள் ஒதுக்கிய பிறகுதான் எங்கள் பதிவேட்டில் பெண்களின் கையெழுத்து கூடியது. அந்தப் பையன்களில் பொறுமைசாலிகளாக இரண்டு பேரைப் பிடித்து உதவியாளர்களாக்கினேன். மூஞ்சியில் சலிப்புக் காட்டாமல் ஒரே விஷயத்தை நான்கு முறை சொல்கிறானா என்பதுதான் பரீட்சை. கணினியில் கெட்டிக்காரன் அதில் தோற்றான், சுமாரான பையன் ஜெயித்தான்.

சாவியின் நகலும் ரவுட்டர் பாஸ்வேர்டும் உங்களைத் தவிர இன்னொருவரிடமும் இருக்கட்டும். டெங்கு வந்து நான் படுத்த மூன்று வாரமும் அறை திறந்தது அதனால்தான்.

எஸ்எஸ்எல்சி முடிவு வரும் நாளுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்யுங்கள். முந்தின நாளே பிள்ளைகளின் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள்; பாதிப் பேர் ஹால் டிக்கெட்டை எங்கே வைத்தோம் என்று அன்றைக்குத்தான் தேடுவார்கள். தளம் திணறும், சுற்றிக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப ரெஃப்ரஷ் அடிக்காமல் ஒரு லேப்டாப்பில் மட்டும் பாருங்கள். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஒவ்வொருவராக உள்ளே விடுங்கள். வருடத்தில் அன்று ஒரு நாள் மட்டும் திரை வாசலைப் பார்க்க வேண்டாம். கீழே டீக்கடையில் இருபது டீக்குச் சொல்லிவிடுங்கள், அம்மாக்கள் வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.